ஆளுக்கு ஆள் விடலாமா? தோட்டப்புற மண்டபத்தில் இந்த வழக்கை நடத்தும் முறை

ஆயுதக் குழு பிடித்து வைத்திருக்கும் அப்பாவிகளை மீட்க, அரசாங்கம் தன் சிறையில் இருப்பவர்களை விட்டுவிடலாமா? இதையே பட்டிமன்றத் தலைப்பாகச் சுவரொட்டியில் போட்டால் இரண்டு மணி நேரம் வீணாகும். ஓர் அணி 'உயிர் பெரிது' என்று கண் கலங்கப் பேசும். மற்ற அணி 'நாடு பெரிது' என்று மேசையைத் தட்டும். கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த கருத்தையே திரும்பக் கொண்டுபோவார்கள். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், ஆலய மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ நூறு பேரை உட்காரவைத்து, அவர்களே யோசித்துத் தீர்ப்புச் சொல்லும்படி இதை நடத்த முடியும். எட்டுப் பேரும் இரண்டு வாரத் தயாரிப்பும் போதும். வடிவம் பட்டிமன்றமாக இருக்கக்கூடாது, வழக்காடு மன்றமாக இருக்கவேண்டும். பட்டிமன்றத்தில் பேச்சாளர் கைதட்டலுக்குப் பேசுகிறார். வழக்காடு மன்றத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

முதல் வேலை: நடந்த ஒரு வழக்கைத் தேர்ந்தெடுங்கள்

பொதுவாகப் பேசவிடாதீர்கள். நடந்து முடிந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, அதன் நாள், இடம், கேட்டது, கொடுத்தது, பிறகு நடந்தது ஆகியவற்றை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். எந்த வழக்கை எடுத்தாலும் மூன்று கேள்விக்கு முதல் பத்தியிலேயே பதில் இருக்கவேண்டும்: சிறையில் இருப்பவர் யாருடைய கைதி? பிடிபட்டவர்கள் எந்த நாட்டு மக்கள்? சம்பவம் நடப்பது யார் மண்ணில்? இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு அரசாங்கங்களைக் காட்டினால் முடிவெடுக்கும் அதிகாரம் சிதறிவிடும். பேச்சாளர்கள் இதைக் கவனிக்காமல் 'அரசாங்கம்', 'அரசாங்கம்' என்று ஒரே ஆளைப்போல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த நாட்டில் நடத்தும்போது தொடங்க ஏற்றது கோலாலம்பூர் வழக்கு. 1975 ஆகஸ்டு 4ஆம் தேதி ஜப்பானியச் செம்படை என்ற ஆயுதக் குழுவைச் சேர்ந்த ஐவர், அமெரிக்கத் தூதரக அலுவலகமும் சுவீடன் தூதரகமும் இயங்கிவந்த ஏஐஏ கட்டடத்துக்குள் துப்பாக்கிகளோடு புகுந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். ஜப்பான் சிறைகளில் இருந்த ஏழு பேரை விடச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் இருவர் வெளியே வர மறுத்துவிட்டார்கள். மீதி ஐவரை ஜப்பான் விமானத்தில் ஏற்றி அனுப்பியது. எல்லாரும் லிபியாவுக்குப் பறந்தார்கள். பணயக்கைதிகளுக்குப் பதிலாக மலேசிய அரசுத் தரப்பினரும் அந்த விமானத்தில் ஏறிப் போனார்கள். பிடிபட்ட அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள்.

வழக்கை வாசிப்பவர் இந்த இடத்தில் நிறுத்தவேண்டும். மண்டபம் 'விட்டது சரிதான்' என்று தலையாட்டும். பிறகு அடுத்த பத்தியை வாசிக்கவேண்டும். 1977 செப்டம்பர் 28ஆம் தேதி, பம்பாயிலிருந்து கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 472ஆம் எண் விமானம் கடத்தப்பட்டு டாக்காவில் இறக்கப்பட்டது. கடத்தியவர்கள் ஐவர். அவர்களில் மூவர், கோலாலம்பூருக்காக 1975இல் சிறையிலிருந்து விடப்பட்டவர்கள். இம்முறை 60 லட்சம் டாலரும் ஒன்பது கைதிகளும் கேட்டார்கள். ஜப்பான் பணத்தைக் கொடுத்தது. ஒன்பது பேரில் வரச் சம்மதித்த ஆறு பேரையும் விட்டது. அன்றைய பிரதமர் ஃபுக்குடா, மனித உயிர் பூமியைவிடக் கனமானது என்று சொன்னார். இந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவில் முழு இரண்டு நிமிடம் மௌனம் விடுங்கள். வழக்கின் பாரம் அந்த இடைவெளியில்தான் இறங்குகிறது.

இரண்டாவது நல்ல வழக்கு, நம்மவர்கள் தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் நாள்தோறும் தொடர்ந்த ராஜ்குமார் வழக்கு. அதன் முழு விவரம் கீழே 'நாற்காலிகள்' பகுதியில் வருகிறது, ஏனென்றால் அந்த வழக்கைக் கொண்டுதான் நாற்காலிகளை வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காந்தகார். 1999 டிசம்பர் 24ஆம் தேதி காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய ஐசி 814 விமானம் கடத்தப்பட்டு, கடைசியில் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் நிறுத்தப்பட்டது. முதலில் கேட்டது 36 கைதிகளும் 20 கோடி டாலரும். எட்டாம் நாள், டிசம்பர் 31 அன்று, கொடுத்தது மூன்று கைதிகள். '36ஐ மூன்றாகக் குறைத்தது வெற்றி' என்று ஒரு பேச்சாளர் வாதிடக்கூடும். அந்த மூவரில் ஒருவர் மசூத் அஸார். 2000ஆம் ஆண்டிலேயே ஜெய்ஷ்-இ-முகமது என்ற ஆயுதக் குழுவைத் தொடங்கினார். இன்னொருவர் ஒமர் ஷேக், 2002இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனியல் பெர்ல் கடத்தல் வழக்கில் சிக்கியவர். எண்ணிக்கையைக் குறைப்பதும் ஆபத்தைக் குறைப்பதும் வேறு வேறு என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான வழக்கு கிடையாது. விமானம் அமிர்தசரஸில் இறங்கி ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நின்றதையும், அங்கே அதை நிறுத்திவைக்க முடியாமல் போனதையும் பாதுகாப்புத் தரப்பில் பேசுபவர் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். கைதிகளை விடும் முடிவு பெரும்பாலும் அதற்கு முன்னால் தவறவிட்ட ஒரு வாய்ப்பின் விலையாகத்தான் வருகிறது.

சபாவின் சிப்பாடான் தீவு வழக்கை எடுக்காதீர்கள். 2000 ஏப்ரல் 23ஆம் தேதி பிலிப்பைன்ஸின் அபு சயாஃப் குழு அங்கிருந்து 21 பேரைத் தன் நாட்டு ஜோலோ தீவுக்குக் கொண்டுபோனது நம் நாட்டு விஷயம்தான், ஆனால் அந்த வழக்கின் மையம் பிணைப்பணம். பணம் கொடுப்பதும் கைதியை விடுவதும் இரண்டு தனிக் கேள்விகள். கலந்தால் இரண்டுமே குழம்பும்.

சாவுக் பற்றி யாராவது நிச்சயம் எழுந்து கேட்பார். கோலகங்சாரிலிருந்து லெங்கோங் போகும் வழியில் உள்ள ஊர் அது. 2000 ஜூலையில் அல்-மவுனா என்ற ஆயுதக் குழு இராணுவ ஆயுதங்களைக் கைப்பற்றி நான்கு பேரைப் பிடித்து வைத்தது. அரசாங்கம் முற்றுகையிட்டு ஜூலை 6ஆம் தேதி அதை முடித்தது. பிடிபட்ட நால்வரில் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழ்ப் போலீஸ்காரர், மற்றவர் சரவாக்கைச் சேர்ந்த இராணுவ வீரர். இதுவும் கைதிப் பரிமாற்ற வழக்கு கிடையாது. ஆனால் முற்றுகையிலும் உயிர் போகும் என்பதற்கு இந்த வட்டாரத்தில் உள்ள சான்று இதுதான். கேள்வி வந்தால் நடுவர் இந்த அளவுக்குப் பதில் சொல்லி, இறந்தவர்களை மரியாதையோடு குறிப்பிட்டு, வழக்குக்குத் திரும்பவேண்டும்.

நாற்காலிகள்

மேடையில் இரண்டு அணி வேண்டாம். ஐந்து நாற்காலிகளைப் போடுங்கள். ஒன்று பணயக்கைதியின் குடும்பத்துக்கு, ஒன்று பாதுகாப்புத் தரப்புக்கு, ஒன்று இரு பக்கமும் பேசிப் பார்க்கும் தூதருக்கு, ஒன்று சிறையில் இருப்பவரின் வழக்கறிஞருக்கு. ஐந்தாவது நாற்காலி, அந்தக் கைதியால் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு. இவர்களோடு நடுவர், வழக்கை வாசிப்பவர், நேரம் பார்ப்பவர் சேர்ந்து எட்டுப் பேர்.

ஐந்தாவது நாற்காலியைப் போட மறந்த மன்றம் உருப்படாது. காரணம் ராஜ்குமார் வழக்கில் இருக்கிறது. 2000 ஜூலை 30ஆம் தேதி கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கஜனூரிலிருந்து கொண்டுபோனார். கோரிக்கைகளில் ஒன்று, தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் சிறையில் இருந்தவர்களை விடுவது. மைசூரில் 51 பேர், தமிழ்நாட்டில் 5 பேர். கர்நாடகமும் தமிழ்நாடும் சம்மதித்தன. வழக்கைத் திரும்பப் பெறும் மனு நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. அதைத் தடுத்தவர் எந்தக் கட்சியும் இல்லை, எந்த அமைச்சரும் இல்லை. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட காவல் உதவி ஆய்வாளர் ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். 2000 நவம்பர் 7ஆம் தேதி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசுகள் சட்டப்படி யோசிக்காமல் பணிந்துவிட்டன என்பதுதான் அதன் சாரம். ராஜ்குமார் 108 நாள் காட்டில் இருந்து நவம்பர் 15ஆம் தேதி வெளியே வந்தார். பணம் கைமாறியதா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

பணயக்கைதியின் குடும்பம் தொலைக்காட்சியில் அழும், எல்லாரும் பார்ப்பார்கள். ஏற்கனவே ஒருவரைப் பறிகொடுத்த குடும்பம் எங்கோ ஒரு வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அரசாங்கம் பேரம் பேசும்போது இந்தக் குடும்பத்தை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் இந்த நாற்காலிக்கு உங்களிடம் உள்ள ஆகச் சிறந்த பேச்சாளரைப் போடுங்கள், முதலில் பேசவும் விடுங்கள். கடைசியில் பேசவிட்டால் பழிவாங்கும் குரலாகக் காதில் விழும்.

ஆனால் இதே வழக்கில் மறுபக்கமும் இருக்கிறது, கைதியின் வழக்கறிஞர் நாற்காலியில் உட்காருபவர் அதை எடுக்கவேண்டும். அந்த 51 பேரில் பெரும்பாலோர் விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்கள். குற்றம் உறுதியாகாத ஒருவரை விடுவதும், கொலைக்குத் தண்டனை பெற்றவரை விடுவதும் ஒன்றாகுமா? இதைப் பிரிக்காமல் பேசினால் 'கைதி' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடைத்துவிடுவோம்.

கைதி அட்டைகள்

ஓர் ஏ4 தாளை நான்காக வெட்டி அட்டை செய்யுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு கைதி. பெயர் வேண்டாம், 'கைதி 1', 'கைதி 2' போதும். ஆறு அட்டை போதுமானது. ஒவ்வொன்றிலும் நான்கு வரி: என்ன குற்றச்சாட்டு, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எவ்வளவு காலம் உள்ளே, வெளியே வந்தால் போகும் இடம். இரண்டு பேர் கொலைக்குத் தண்டனை பெற்றவர்களாகவும், இரண்டு பேர் விசாரணையில் இருப்பவர்களாகவும், ஒருவர் விசாரணையே இல்லாமல் தடுத்து வைக்கப்பட்டவராகவும், ஒருவர் குழுவின் பணத்தையும் ஆட்சேர்ப்பையும் கவனித்தவராகவும் இருக்கட்டும். கடைசி அட்டைதான் பொறி. அவர் யாரையும் சுடவில்லை, கையில் இரத்தம் இல்லை என்று எல்லாரும் அவரை முதலில் விடச் சொல்வார்கள். வெளியே போனதும் மறுபடி குழுவைக் கட்டக்கூடியவர் அவர்தான். மசூத் அஸாரும் அப்படிப்பட்டவரே, பேச்சாலும் ஆட்சேர்ப்பாலும் பெயர் பெற்றவர்.

விசாரணையில்லாத அட்டையை எடுக்கும்போது நம்மவர்களுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. பழைய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனவர்களை இந்த வட்டாரம் அறியும். 2007 டிசம்பரில், மலேசிய இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் அங்கே அடைக்கப்பட்டார்கள். அரசாங்கம் ஒருவரை 'ஆபத்தானவர்' என்று சொல்வதும் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பதும் வெவ்வேறு என்பதை மண்டபத்தில் உள்ள முதியவர்களே எடுத்துச் சொல்வார்கள். அவர்களைப் பேசவிடுங்கள்.

ஒவ்வொரு அட்டைக்கும் நடுவர் கேட்கவேண்டிய கேள்வி: இவரை வெளியே விடும் கையெழுத்து யாருடையது? மலேசியச் சட்டத்தை வைத்துப் பேசினால், தண்டனை பெற்றவருக்கு மன்னிப்பு அரசியலமைப்பின் 42ஆம் விதிப்படி வரும். பேராக்கில் நடந்த குற்றத்துக்குப் பேராக் சுல்தான், கூட்டரசுப் பிரதேசத்தில் நடந்ததற்கு மாமன்னர், இருவருக்கும் மன்னிப்பு வாரியத்தின் ஆலோசனை. விசாரணையில் இருப்பவரின் வழக்கை நிறுத்தும் அதிகாரம் 145ஆம் விதியின் மூன்றாம் உட்பிரிவுப்படி சட்டத்துறைத் தலைவருக்கு. இந்தியாவில் ராஜ்குமார் வழக்கில் போன வழி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு, அங்கே நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும், அங்கேதான் அது நின்றது. 'பிரதமர் நினைத்தால் விட்டுவிடலாம்' என்ற எண்ணம் மண்டபத்தில் பரவலாக இருக்கும். இந்த ஒரு கேள்வி அதை உடைக்கும்.

நடுவர் விடாமல் கேட்கவேண்டியவை

பிடிபட்டவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று எங்கே? இதற்குப் பதில் வராமல் எந்த அட்டையும் மேசையைத் தாண்டக்கூடாது. 2015 ஜனவரியில் ஐஎஸ் குழு, ஜோர்டான் சிறையில் இருந்த ஒரு பெண்ணை விடச் சொன்னது. ஜோர்டான் தன் விமானியை மீட்க அவளை விடத் தயாராக இருந்தது, ஆனால் விமானி உயிரோடு இருப்பதைக் காட்டும்படி கேட்டது. சான்று வரவில்லை. அவரை ஜனவரி 3ஆம் தேதியே கொன்றுவிட்டார்கள் என்று பிறகு ஜோர்டான் அறிவித்தது. சான்றுக்கே ஒரு விலை இருக்கும் என்பதையும் தூதர் நாற்காலியில் இருப்பவர் சொல்லவேண்டும். 2009இல், காசாவில் ஹமாஸ் பிடித்து வைத்திருந்த இஸ்ரேலியச் சிப்பாய் கிலாட் ஷாலித்தின் ஒரு சிறு காணொளிக்காக இருபது பாலஸ்தீனப் பெண் கைதிகள் விடப்பட்டார்கள்.

யார் முதலில்? இரு பக்கமும் ஒன்றையொன்று நம்பாது, அதனால் பரிமாற்றத்தைக் கட்டம் கட்டமாக வைப்பார்கள். ஷாலித் 2006 ஜூன் 25ஆம் தேதி பிடிபட்டு 2011 அக்டோபர் 18ஆம் தேதி வெளியே வந்தார். விலை 1,027 கைதிகள். முதல் கட்டம் 477, இரண்டு மாதம் கழித்து 550. பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டு, கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் நீதிமன்றம் போக 48 மணி நேரம் கொடுத்தார்கள். மனுக்கள் தள்ளுபடியாயின, ஆனாலும் அந்தக் குடும்பங்கள் எழுந்து நின்று பேச ஓர் இடம் இருந்தது. உங்கள் மன்றத்திலும் பட்டியலைச் சுவரில் ஒட்டி ஐந்தாவது நாற்காலிக்கு மூன்று நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

விடப்பட்டவர் எங்கே போவார்? 2011இல் சிலரை காசாவுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். பின்னாளில் காசாவில் ஹமாஸுக்குத் தலைமை தாங்கிய யாஹ்யா சின்வார் அந்த 1,027 பேரில் ஒருவர். 2014 மே மாதம் அமெரிக்கா தன் சிப்பாய் ஒருவருக்காக குவாந்தனாமோவிலிருந்து ஐந்து தாலிபான்களை விட்டபோது கத்தாரில் தங்கவைத்தது. இடம் சொல்லாமல் 'விடுவோம்' என்று மட்டும் பேசும் பேச்சாளரை நடுவர் நிறுத்தவேண்டும்.

மறுத்தால் என்ன நடக்கும்? 'ஒரு தடவை உறுதியாக மறுத்துவிட்டால் இனி யாரையும் கடத்தமாட்டார்கள்' என்பது பாதுகாப்புத் தரப்பின் வழக்கமான வாதம். மேற்கு ஜெர்மனியை வைத்துச் சோதியுங்கள். 1975 பிப்ரவரியில் கடத்தப்பட்ட பேர்லின் அரசியல்வாதி பீட்டர் லாரென்ஸுக்காக அரசாங்கம் ஐந்து பேரை விட்டது. ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் உள்ள அதன் தூதரகத்தைப் பிடித்த ஆயுதக் குழு 26 பேரைக் கேட்டபோது அரசாங்கம் மறுத்தது. அரசாங்கம் மறுத்த பிறகும் 1977இல் ஆயுதக் குழுவினர் தொழிலதிபர் ஷ்லையரைக் கடத்தினார்கள், ஒரு விமானத்தையும் கடத்தினார்கள். விமானப் பயணிகளை மொகடிஷுவில் சிறப்புப் படை மீட்டது, ஷ்லையர் கொல்லப்பட்டார். ஆக, கொடுத்தாலும் கடத்தல் தொடர்ந்தது, மறுத்தாலும் தொடர்ந்தது. இதைக் கேட்டபின் மண்டபம் அடங்கும், ஏனென்றால் சுலபமான இரண்டு பதில்களும் கையைவிட்டுப் போய்விடுகின்றன.

தூதர் யார் என்ற கேள்விக்கு நைஜீரியாவை எடுத்துக்கொள்ளலாம். சிபோக் பள்ளியிலிருந்து 2014 ஏப்ரலில் 276 மாணவிகள் கொண்டுபோகப்பட்டார்கள். 2017 மே மாதம் 82 பேர் திரும்பியபோது அவர்களைக் கடத்திய போகோ ஹராம் ஆயுதக் குழுவின் ஆட்கள் சிலர் விடப்பட்டார்கள். சுவிட்சர்லாந்து பேசியது, செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து சேர்த்தது.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சில் தைக்கும் இன்னொன்றும் உண்டு. 2023 அக்டோபர் 7ஆம் தேதி காசாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் தாய்லாந்திலிருந்து விவசாயக் கூலி வேலைக்குப் போனவர்களும் இருந்தார்கள். நவம்பர் இறுதிக்குள் அவர்களில் 23 பேர் வெளியே வந்தது இஸ்ரேலியக் கைதிப் பரிமாற்றக் கணக்கில் சேராத தனிப் பேச்சுவார்த்தையால். விட ஒரு கைதிகூடத் தாய்லாந்திடம் இல்லை, பேசத்தான் முடிந்தது. கூலிக்காக அயல்நாடு போனவரின் பெயர் எந்தப் பட்டியலில் எத்தனையாவதாக வரும் என்ற கேள்வியைப் பணயக்கைதி குடும்பத்தின் நாற்காலியில் உட்காருபவர் எழுப்பட்டும்.

மண்டபம், சீட்டு, நேரம்

சனிக்கிழமை இரவு 7.30க்கு வையுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிறு பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது) இல்லை, ஆகவே பால்மரம், செம்பனை வேலைக்குப் போகிறவர்கள் நிம்மதியாக உட்காருவார்கள். சம்பளம் போட்ட முதல் சனிக்கிழமையைத் தவிருங்கள், குடும்பத்தோடு பெக்கானுக்கு, அதாவது பட்டணத்துக்கு, போய்விடுவார்கள். தகரக் கூரை மண்டபமானால் மழை பெய்யும்போது மைக் காதில் விழாது. கூடுதலாக ஒரு ஒலிபெருக்கியை நடு மண்டபத்தில் வையுங்கள், மேடைக்குப் பின்னால் வைத்தால் கீச்சென்று கத்தும். கையில் பிடிக்கும் மைக் இரண்டு, அவற்றுக்கு மாற்று பேட்டரி நான்கு.

வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் மூன்று கட்டம்: விடலாம், விடக்கூடாது, நிபந்தனையோடு விடலாம். உள்ளே வருமுன் கோடு போட்டுப் பெட்டியில் போடவேண்டும், பெயர் எழுதக்கூடாது. முடிவில் அதே மூன்று கட்டத்தோடு மஞ்சள் சீட்டு. ஏ4 தாளை எட்டாக வெட்டினால் 120 சீட்டுக்கு நிறத்துக்கு 15 தாள் ஆகும். இரண்டு பெட்டியையும் முன்னால் எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்து, நேரம் பார்ப்பவரும் பார்வையாளர் ஒருவரும் சேர்ந்து எண்ணவேண்டும். யார் வென்றார் என்பதைவிட எத்தனை பேர் இடம் மாறினார்கள் என்பதைத்தான் அறிவிக்கவேண்டும்.

நேரக் கணக்கு: வழக்கு வாசிப்பு 10 நிமிடம், ஐந்து நாற்காலிக்கும் தலா 9 நிமிடம் (ஏழாம் நிமிடத்தில் ஒரு தடவை மணி அடிக்கவேண்டும், ஒன்பதாம் நிமிடத்தில் இரண்டு தடவை), நடுவர் கேள்வி 25 (ஐந்தாவது நாற்காலியின் கூடுதல் மூன்று நிமிடமும் இதற்குள்), மண்டபத்திலிருந்து கேள்வி 30, தேநீரும் வாக்கெடுப்பும் 15, தீர்ப்பு 10. மொத்தம் இரண்டேகால் மணி நேரம், 9.45க்கு முடியும். தேநீரை வாக்கெடுப்புக்கு முன்னால் தொடங்காதீர்கள். வடைத் தட்டு வந்துவிட்டால் பாதிச் சீட்டு வராது.

எங்கே கெட்டுப்போகும்

முதலில், மண்டபக் கேள்வி நேரத்தில். மைக்கைக் கையில் வாங்கியவர் பேச்சாளராகிவிடுவார். கேள்வியைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிறவருக்கு ஓர் இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரட்டும். 'அண்ணே, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்' என்றால் போதும், எழுதத் தெரியாத பாட்டிகூடக் கேள்வி கேட்பார். அவர்களிடமிருந்துதான் கூர்மையான கேள்விகள் வருகின்றன.

'உன் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வாய்?' என்ற கேள்வி தவறாமல் வரும். அதைத் தடுக்காதீர்கள். ஆனால் அதை ஐந்தாவது நாற்காலிக்கும் அனுப்புங்கள். கொல்லப்பட்டவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

பாலஸ்தீனப் பேச்சு வந்தால் மண்டபம் சூடாகும், பக்கத்து மலாய்க் கம்பத்து நண்பர்கள் வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இஸ்ரேல் வழக்கை எடுத்தால் பரிமாற்றம் எப்படி நடந்தது என்ற அளவோடு நிறுத்துங்கள். இஸ்ரேல் சிறைகளில் குற்றச்சாட்டே இல்லாமல் நிர்வாக ஆணையில் அடைக்கப்பட்ட பாலஸ்தீனர்கள் இருப்பதை வழக்குத் தாளிலேயே எழுதிவிடுங்கள், அதை மறைத்ததாக யாரும் சொல்லக்கூடாது. சொற்களில் 'ஆயுதக் குழு', 'பணயக்கைதி', 'கைதி' என்ற மூன்றோடு நில்லுங்கள். இனம், மதம், ஆட்சியாளர் பற்றிய பேச்சு மேடையேறக்கூடாது. கூட்டத்தைப் பற்றி உள்ளூர்ப் போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஈழத்து வழக்குகளை எடுக்கவேண்டும் என்ற ஆசை வரும். அந்தப் போரிலும் இரு தரப்பும் பிடிபட்டவர்களை மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் விடுதலைப் புலிகள் அமைப்பு 2014 முதல் மலேசியாவில் தடைப்பட்டியலில் இருக்கிறது. 2019 அக்டோபரில் அதனோடு தொடர்பு என்று பன்னிரண்டு பேர் சோஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் கைதானார்கள், 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அதற்குள் அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்து, படம், கொடி, முழக்கம் எதுவும் மண்டபத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி மண்டபமானால் தலைமையாசிரியருக்கு வழக்குத் தாளை முன்பே காட்டிவிடுங்கள்.

வாட்ஸ்அப் எண்களும் கெடுக்கும். வழக்குத் தாளில் இல்லாத எண்ணிக்கையைச் சொன்னால் நேரம் பார்ப்பவர் மணி அடிக்கலாம் என்று தொடக்கத்திலேயே விதி சொல்லுங்கள்.

தீர்ப்பு

நடுவர் தன் கருத்தை மறைக்கவேண்டியதில்லை, காரணத்தோடு சொல்லவேண்டும். இந்த வழக்குகளையெல்லாம் வைத்துப் பார்த்தால் எங்களுக்குச் சரியாகப்படும் தீர்ப்பு இது. 'ஒருபோதும் விடமாட்டோம்' என்ற சபதத்தைப் பல அரசாங்கங்கள் காப்பாற்றியதில்லை. காப்பாற்றாத சபதம் அடுத்த கடத்தல்காரனுக்கு விலைப்பட்டியலாகிறது. ஆகவே விடலாம், ஆனால் நான்கு நிபந்தனையோடு. உயிரோடு இருப்பதற்கான சான்று வந்திருக்கவேண்டும். விசாரணையின்றி இருப்பவரும் குற்றம் உறுதியாகாதவரும் முதலில், கொலைக்குத் தண்டனை பெற்றவர் கடைசியில், குழுவை நடத்தியவர் பட்டியலிலேயே இல்லை. பெயர்கள் முன்கூட்டியே வெளியாகி, கொல்லப்பட்டவர் குடும்பத்துக்கு நீதிமன்றக் கதவு திறந்திருக்கவேண்டும். இந்த விதிகள் கடத்தல் நடக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும், தொலைக்காட்சியில் தாய் அழும் நேரத்தில் எழுதப்படக்கூடாது. இஸ்ரேல் 2008இல் முன்னாள் தலைமை நீதிபதி ஷம்கார் தலைமையில் இதற்காகவே ஒரு குழு அமைத்தது. அறிக்கை 2012 ஜனவரியில்தான் வந்தது. 1,027 பேர் அதற்கு முன்பே பட்டியலாகிவிட்டார்கள்.

உங்கள் நடுவர் வேறு தீர்ப்புச் சொல்லலாம். காரணங்களை எண்ணிட்டு எழுதி வாசிக்கட்டும், பத்து நிமிடத்தைத் தாண்டவேண்டாம். வெள்ளை, மஞ்சள் எண்ணிக்கையை அதன் பிறகு அறிவியுங்கள், முன்னால் அறிவித்தால் தீர்ப்பு கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடும். வழக்குத் தாளையும் ஆறு அட்டைகளையும் ஓர் உறையில் போட்டுப் பள்ளி நூலகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நடத்தும்போது கொலை விவரங்களை நீக்கி, பேச்சு நேரத்தை நான்கு நிமிடமாகக் குறைத்தால் போதும்.